நாயைப் பிடிக்கிறது யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் ஊருக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்பே ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவித்தார்கள். பள்ளிவாசலிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்லப்பட்டது. காலை எட்டரைக்கு பாடசாலை மதிலோரம் வாகை மரத்துக்குக் கீழே ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். பதினொரு மணி வரைக்கும் வந்த நாய்கள் ஒன்பது. அவற்றில் ஆறு, வயல் காவலுக்கும் தென்னந்தோட்டத்துக் காவலுக்கும் வளர்க்கப்படுகிறவை. மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் சந்தையில் அதே நேரம் இருபது நாய்களாவது படுத்துக் கிடந்திருக்கும். அவற்றைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

இடைவேளை நேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெட்டிக்குள் மிச்சமிருந்த மருந்துக் குப்பிகளைக் காட்டினார்.

"ஊசி இரிக்கி சேர். நாயும் இரிக்கி. புடிக்கத்தான் ஆள் இல்ல."

முந்தின நாள் வயலுக்கு அப்பால் உள்ள தமிழ்க் கிராமத்தில் பத்து மணிக்கே மருந்து முடிந்துவிட்டதாம். சேலைத் துண்டைக் கழுத்தில் கட்டி, வயதான பெண்கள்கூட இழுத்துக்கொண்டு வந்தார்களாம். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த் தேடினேன். தேடத் தேட, இந்த நோயின் வரலாறு முழுக்க அதே பிரச்சினைதான் என்று தெரிந்தது. ஊசியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. நாயைப் பிடிப்பது இன்னொரு வேலை.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்தப் பேச்சு எனக்குச் சும்மா வாசிப்புச் சமாச்சாரம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை படித்தான். பின்னேரத்தில் ஓதப் போகிற வழியில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடுவான். நானே கண்டிருக்கிறேன். ஒருநாள் சும்மா கேட்டேன், "என்னடா, உன்ட கூட்டாளி எங்க?" என்று. "அது செத்துப் போச்சு சேர். வாயில நுரை வந்திச்சி" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உன்னைக் கடித்ததா என்று கேட்டதற்கு, குதிக்காலில் காய்ந்துபோன சிறு கீறலைக் காட்டினான். நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஏழு தரம் கழுவினன் சேர். ஒரு தரம் மண் போட்டு" என்றான்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. மத்ரஸாவில் படித்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறான். நாய் வாய் வைத்த பாத்திரத்துக்குச் சொல்லப்பட்டதைக் காயத்துக்குச் செய்திருக்கிறான். சட்டம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நம்பியிருக்கிறான். அந்தப் பாடவேளையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, கையில் ஊசி, பிறகு திகதி போட்டுத் தந்து மேலும் சில நாட்கள் ஊசி. அவன் இப்போது சாதாரண தரம் முடித்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குட்டியைப் பிள்ளைகள் எங்கோ மணலில் புதைத்துவிட்டார்கள். தலையைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்திருந்தால்தான் விசரா இல்லையா என்று தெரிந்திருக்கும். இன்று வரை எங்களுக்குத் தெரியாது. இந்த நோய் அப்படித்தான். அறிகுறி வந்த பிறகு வைத்தியம் இல்லை என்பதால், தெரியாமலே வைத்தியம் செய்ய வேண்டும். கடித்த உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீறல் சின்னது, கடித்தது குட்டி என்ற கதையெல்லாம் கிடையாது.

இனி வரலாறு.

லூயி பாஸ்டரின் கதை எல்லாருக்கும் தெரியும். விஞ்ஞானப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். 1885 ஜூலை 6. அல்சாஸ் பிரதேசத்திலிருந்து ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனைத் தாய் பாரிசுக்குக் கூட்டிவருகிறாள். உடம்பு முழுக்க விசர்நாய் கடித்த காயம். விசர் கண்ட முயலின் முள்ளந்தண்டு நரம்பைக் காயவைத்துத் தயாரித்த மருந்து, பத்துப் பதினொரு நாளுக்குள் பதின்மூன்று தடவை ஏற்றப்படுகிறது. பையன் பிழைக்கிறான். பாஸ்டர் இரசாயனவியலாளர், வைத்தியர் அல்ல. ஆகையால் ஊசியைப் பிடித்த கை அவருடையது அல்ல.

பாடப் புத்தகத்தில் இல்லாத பகுதி இதற்கு முந்தியது. மனிதனுக்குப் போடுவதற்கு முன் பாஸ்டர் அந்த மருந்தை நாய்களுக்குத்தான் போட்டார். 1884இல் ஓர் அரச ஆணைக்குழுவின் முன்னிலையில் அதைச் செய்தும் காட்டினார். மருந்து ஏற்றிய நாய்களுக்கு விசர் வரவில்லை. நாய்களுக்குப் போட்டால் மனிதனுக்கு வருவதும் நின்றுவிடும் என்பது அவருக்கு அப்போதே தெரியும். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். பாரிஸ் நகரத்தில் மாத்திரம் ஒரு இலட்சம் நாய்கள். ஒவ்வொன்றுக்கும் பல தடவை ஊசி. அவ்வளவு முயலுக்கு எங்கே போவது, அவ்வளவு நாயையும் யார் பிடிப்பது? முடியாது என்று அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். கடிபட்டவருக்கு நோய் வெளிவர வாரக்கணக்கு, மாதக்கணக்கு எடுக்கிறது. அந்த இடைவெளிக்குள் அவருக்கே மருந்து ஏற்றிவிடலாம் என்ற யோசனைக்கு அதன் பிறகுதான் வந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைய மருந்துக்கு அது சரியான கணக்கு. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதனுக்கு ஊசி, நாய்க்குத் துவக்கு.

மெய்ஸ்டர் பிழைத்து எட்டு வருடத்தில், 1893இல், பிரித்தானியர் இலங்கையில் விசர்நாய்க்கடிக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம். இரண்டும் பல திருத்தங்களோடு நம் காலம் வரைக்கும் வந்திருக்கின்றன. முதற்சட்டத்தின் அடிப்படை எளிது. நோய் கண்ட பிரதேசம் என்று அறிவித்தால், அங்கே கட்டாமல் திரிகிற நாயைப் பிடிக்கலாம், கொல்லலாம். "கட்டாக்காலி" என்று நாங்கள் சொல்கிற அந்த நாய், சட்டத்தின் கண்ணில் சாவுக்குரியது.

இது இலங்கைக்கென்று யோசித்த யோசனையும் அல்ல. பிரித்தானியர் போன இடமெல்லாம் செய்த வேலை. 1832இல் பம்பாயில் தெருநாய் கொல்கிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். காசுக்காக வீட்டு நாயையும் அடித்துக் கொண்டுபோனார்கள். நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சிகள் தெருவில் இறங்கி, கடைகளை மூடி, நகரத்தையே கலக்கிவிட்டார்கள். இன்றும் அதைப் பம்பாய் நாய்க் கலவரம் என்றே எழுதுகிறார்கள்.

மனிதனுக்கான மருந்தும் லேசானதாக இருக்கவில்லை. இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர், 1911 அளவில், செம்மறியாட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் காபோலிக் அமிலத்தால் கொன்று ஒரு மருந்து செய்தார். மலிவானது. ஆசியா முழுக்கப் பரவியது. வயிற்றுத் தோலில், நாளுக்கு ஒன்றாக, இரண்டு கிழமை, சில வேளை அதற்கும் மேல். மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு அந்த மருந்தே வாதத்தைக் கொண்டுவந்தது. இலங்கையிலும் மிக நீண்ட காலம் இதுதான் இருந்தது.

எங்கள் மூத்தம்மா இதைச் சொல்லித்தான் எங்களை வெருட்டுவா. "நாயோட போய் நிக்காத, தொப்புளச் சுத்திக் குத்துவாங்க." அந்த ஊசி இந்த நாட்டில் ஒழிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது போடுவது கையில், அதுவும் சில ஊசிகள்தான். ஆனால் மூத்தம்மாவின் வார்த்தை ஒழியவில்லை. இன்றும் பிள்ளைகள் கடியை ஒளிக்கிறார்கள் என்றால் பாதிக் காரணம் அந்தத் தொப்புள்தான். பயம் மருந்தைவிட நீண்டகாலம் உயிர்வாழ்கிறது.

பாஸ்டர் விட்ட இடத்தைத் திரும்பப் பிடித்தவர்கள் ஜப்பானியர். உமெனோ, டோய் என்ற இருவர், நாய்க்கு ஒரே ஊசியில் பாதுகாப்புக் கொடுக்கும் மருந்தைச் செய்து 1921இல் அறிவித்தார்கள். ஒரே ஊசி. பாஸ்டரின் கணக்கில் பாதித் தடை அங்கே உடைந்துவிட்டது. பல தடவை பிடிக்கத் தேவையில்லை, ஒரு தடவை பிடித்தால் போதும். 1923இன் பெரிய பூமியதிர்ச்சியும் பிறகு யுத்தமும் அந்த நாட்டைக் குழப்பி நோயைத் திரும்பக் கொண்டுவந்தன. 1950இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நாயும் பதிவு, ஒவ்வொரு வருடமும் ஊசி, திரிகிற நாயைப் பிடித்து அடைப்பு. 1957உடன் அந்த நாட்டில் இந்த நோய் முடிந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 1948இல் நோய் பரவியபோது, ஏர்னஸ்ட் டியேர்க்கல் என்ற மிருக வைத்தியரும் அவருடைய ஆட்களும் ஆயிரக்கணக்கான நாய்களுக்குக் குறுகிய காலத்துக்குள் ஊசி போட்டு நிறுத்திக் காட்டினார்கள். பணமும் ஒழுங்கும் உள்ள இடங்கள் என்று நாம் சொல்லலாம். சரி, நம்முடைய கதைக்கு வருவோம்.

1973. இலங்கையில் அந்த ஒரு வருடத்தில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். நாளொன்றுக்கு ஒருவருக்கும் மேல். அந்தச் சாவைக் கண்டவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். தண்ணீர்க் கோப்பையைக் கண்டு நடுங்கியவரை, காற்றுப் பட்டாலே துடித்தவரை, அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள் என்று சொல்வார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

1975இல் அரசாங்கம் தேசிய அளவில் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே நேரத்தில் மூன்று வேலை நடந்தது. கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து. வீட்டு நாய்க்கு இலவச ஊசி. கட்டாக்காலிக்குக் கொலை. பல நாடுகளில் நாய் ஊசி என்பது மிருக வைத்தியத் திணைக்களத்தின் வேலை. இங்கே அது சுகாதார அமைச்சின் பொறுப்பு. அதனால்தான் நம் ஊருக்கு நாய்க்கு ஊசி போடவும் டெங்கு பார்க்கவும் ஒரே பரிசோதகர் வருகிறார். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. நாய்க்கு ஊசி போடுவது நாய்க்காக மாத்திரம் அல்ல என்பதை அமைச்சின் பெயரே சொல்லிவிடுகிறது.

சாவு குறைந்துகொண்டே வந்தது. எந்த வேலை எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. மூன்றும் சேர்ந்தே நடந்தன. எனக்கு வயது பத்துப் பன்னிரண்டு இருக்கும்போது நாய் பிடிக்கிற லொறி வருவது நினைவிருக்கிறது. கம்பி வளையம் போட்ட நீளத் தடி. சில வீட்டார் தங்கள் நாயை அறைக்குள் போட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். இந்தக் காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2006இல் ஜனாதிபதியின் உத்தரவின் பேரில் அந்தக் கொலை நிறுத்தப்பட்டது. அப்போது பலர் ஏசினார்கள். நாய்க்கு உள்ள இரக்கம் மனுசனுக்கு இல்லையா என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், ஒளிப்பானேன். இனிச் சாவு கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை. தொடர்ந்து குறைந்தது. அண்மைய வருடங்களில் வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவில் நிற்கிறது. 377 எங்கே, இது எங்கே. ஆனாலும் இந்த இருபது முப்பதும் தேவையில்லாத சாவுதான். ஊசியும் இலவசம், வைத்தியமும் இலவசம் உள்ள நாட்டில் நடக்கிற சாவு.

கொலையை நிறுத்தியும் ஏன் கூடவில்லை? விடையைத் தேடினால் இரண்டு தூரத்து இடங்களுக்குப் போக வேண்டும்.

ஒன்று இந்தோனேசியா. புளோரஸ் தீவில் இந்த நோய் முன்பு இருக்கவில்லை. 1997இல் மீன்பிடிப் படகொன்றில் வேறு தீவிலிருந்து வந்த நாய்களோடு அது வந்து இறங்கியது. அதிகாரிகள் நாய்களைப் பெருமளவில் கொன்றார்கள். நோய் போகவில்லை, தீவு முழுக்கப் பரவியது. 2008இல் பாலித் தீவிலும் இதே கதை. முதலில் நஞ்சு வைத்துக் கொன்றார்கள். ஆட்கள் நூற்றுக்கு மேல் சாகும் வரைக்கும் போய், தீவு முழுக்க நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை இறங்கியது. கொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? தங்கள் நாயை ஒளிப்பார்கள், அடுத்த ஊர் உறவினரிடம் கொண்டுபோய் விடுவார்கள். போகிற நாய்க்குள் நோய் இருந்தால் அதுவும் கூடப் போகும். செத்த நாய்க்குப் பதிலாகப் புதுக் குட்டி வாங்குவார்கள். அந்தக் குட்டி ஊசி போடாதது. கொன்ற நாய்களில் ஊசி போட்டவையும் இருக்கும். ஆகக் கடைசியில் ஊரில் பாதுகாப்பில்லாத நாய்கள்தான் கூடும். லொறியைக் கண்டு கதவைச் சாத்தின வீட்டாரை ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தச் சாத்தின கதவைத் தாண்டி அடுத்த மாதம் ஊசி போடப் போகிறவரையும் அந்த வீட்டார் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது இடம் தன்சானியா. செரங்கெட்டி என்றால் சிங்கமும் வரிக்குதிரையும்தான் ஞாபகத்துக்கு வரும். அதன் ஓரத்தில் ஆடு மாடு மேய்க்கிற, சோளம் பயிரிடுகிற ஏழைக் கிராமங்கள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் நாய். றோட்டு இல்லை, மின்சாரம் இல்லை. இங்கே நாய் ஊசி சரிவராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அன்று பாஸ்டர் சொன்னதைப் போல. சாரா கிளீவ்லண்ட் என்ற மிருக வைத்தியரும் அவருடைய குழுவும் 1996 முதல் ஊர் ஊராகப் போய்ப் போட்டார்கள். மரத்தடியில் ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி. நாய்களைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சிறுபிள்ளைகள். நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஊசி ஏறியது. முதலாவது சுற்றுக்குப் பிறகு நாய்களில் நோய் 70 வீதமும், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு 97 வீதமும் குறைந்தது. நாய்க்கடி மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆட்களின் எண்ணிக்கையும் இறங்கியது.

அதே பிரதேசத்தில் பிறகு இன்னொரு வேலை செய்தார்கள். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வீடு வீடாகப் போய், எந்த நாய் எந்த நாயைக் கடித்தது, அதை எது கடித்தது என்று வருடக்கணக்காக விசாரித்து ஒரு வம்ச வரலாறு போல எழுதினார்கள். ஒரு விசர்நாய் சராசரியாக எத்தனை நாய்க்கு நோயைக் கொடுக்கிறது என்று பார்த்தால், ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். இவ்வளவு பயங்கரமான நோய், பரவுவதில் இவ்வளவு பலவீனமானது. ஊரில் நாய்கள் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. கொன்று நாயைக் குறைத்தால் நோய் குறையும் என்ற நூறு வருட நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் போன இடம் அது.

ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்தான் என்றால் எதற்கு 70 வீதம் என்கிறார்கள் என்று கேட்கலாம். என் மாணவன் ஒருவன் கேட்டான். எந்த நேரமும் நூற்றில் இருபது முதல் நாற்பத்தைந்து வரையான நாய்கள் பாதுகாப்பாக இருந்தால் நோய் தொடர முடியாமல் அறுந்துவிடும். ஆனால் கிராமத்து நாயின் ஆயுள் குறைவு. இன்றைக்கு நூறில் எழுபதுக்குப் போட்டால், ஒரு வருடத்துக்குள் அதில் எத்தனையோ செத்துவிடும், ஊசி காணாத குட்டிகள் பிறந்துவிடும். அடுத்த தடவை வரும்வரைக்கும் அந்த இருபது நாற்பதுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் எழுபது வேண்டும். வருடா வருடம் வேண்டும். குட்டிகளுக்கும் வேண்டும்.

எங்கள் ஊரில் நாற்பத்தைந்து ஐம்பது நாய்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் போட்டது ஒன்பது.

"சேர், நாங்க நாய் வளர்க்கிறல்லயே, இது எங்கட பிரச்சினையா?" என்று ஒருவர் ஆசிரியர் அறையில் கேட்டார். நாங்கள் வளர்ப்பதில்லை, உண்மை. ஆனால் சாப்பாடு போடுகிறோம். மீன் சந்தைக் கழிவு, ஹோட்டல் கழிவு, ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுத்து ஒழுங்காகப் புதைக்காமல் விடுகிற குடலும் எலும்பும். இவ்வளவையும் போட்டுவிட்டு நாய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறோம். மற்ற ஊர்களில் தெருவில் திரிகிற நாய்க்கும் பெரும்பாலும் ஒரு வீடு இருக்கும், கூப்பிட்டால் வருகிற ஒரு குரல் இருக்கும். எங்கள் ஊர் நாய்க்குச் சாப்பாடு மாத்திரம் இருக்கிறது, ஆள் இல்லை. ஆகவே எங்கள் ஊர்தான் நோய்க்கு வசதியான ஊர். நாயே வளர்க்காத ஊரில் நாயால் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது.

நான் மௌலவி அல்ல. ஆனால் ஊர் மௌலவியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஷாஃபி மத்ஹபில் நாய் நஜீஸ், கடுமையான நஜீஸ். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் காய்ந்த கையும் காய்ந்த ரோமமும் பட்டால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்டால் கழுவ வேண்டும், ஏழு தரம், ஒரு தரம் மண்ணோடு. நஜீஸ் என்றால் பாவம் என்று அர்த்தமில்லை, கழுவினால் போகிற விஷயம் என்றார் மௌலவி. மதீனாவில் நாய்களைக் கொல்லச் சொல்லப்பட்டு, பிறகு அது நிறுத்தப்பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நாய்களும் ஒரு சமுதாயம் என்ற கருத்துள்ள ஹதீஸும் இருக்கிறது. கடித்துத் திரிகிற நாயைக் கொல்ல அனுமதியும் இருக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிச் செருப்பில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அந்த மனிதருடைய செருப்பில் நாய் வாய் வைத்திருக்கும்தானே.

பெட்டியோடு அவர்கள் போன அன்று பின்னேரம் மீன் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு காக்கா கடை வைத்திருக்கிறார். கழித்த மீன் தலைகளை அவர்தான் நாய்களுக்குப் போடுவார். விசில் அடித்தால் பத்துப் பன்னிரண்டு ஓடிவரும். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் தெரியும், எது எப்போது குட்டி போட்டது என்றும் தெரியும். இந்த ஊரில் நாய்களின் வரலாறு தெரிந்த ஒரே ஆள் அவர்தான், நாங்கள் யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னேன். மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"புடிச்சித் தாறன் சேர். புடிச்ச பொறகு ஊராக்கள் எனக்கிட்ட மீன் வாங்குவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மௌலவிக்கு அழைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வாறன், கடையில அவரோட நிக்கன்" என்றார்.

பரிசோதகர் ஒரு பெட்டி மருந்தும் வலையும் கொண்டுவர ஒத்துக்கொண்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை, சுபஹு தொழுகைக்குப் பிறகு, சந்தை கூடுவதற்கு முன்னால். நாயில் கை வைக்கப் போவது பயிற்சியும் முன்கூட்டிய ஊசியும் உள்ள அவருடைய ஆட்களும், கூப்பிட்டு நிறுத்த காக்காவும்தான். பிள்ளைகள் யாரும் கிட்ட வரத் தேவையில்லை. உயர்தர மாணவர்கள் நாலு பேர் தள்ளி நின்று நிறம், அடையாளம், ஆண் பெண் எல்லாம் கொப்பியில் எழுதுவார்கள், அடுத்த வருடம் எது புதுசு என்று தெரிய வேண்டுமல்லவா. சந்தைக் குழாயடியில் இரண்டு வாளி தண்ணீர், சவர்க்காரம், ஒரு பெட்டி மண் வைக்கிறோம். வீட்டில், தோட்டத்தில் நாய் உள்ளவர்கள் கயிற்றோடு கொண்டு வாருங்கள். அன்றைக்குக் காக்காவிடம் மீனும் வாங்குங்கள். நான் இரண்டு கிலோ பாரைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.